எக்ஸ்ரே படத்தில் பானைபோல் ஓர் இருதயம்

படிவம் 4 மாணவன் ஒருவன் தன் தாத்தாவின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வகுப்புக்குக் கொண்டு வந்தான். தாத்தா ஈஜோக் பக்கத் தோட்டத்தில் மரம் வெட்டியவர். சில வாரங்களாகப் படுத்தால் மூச்சு முட்டியது. "இருதயத்தைச் சுற்றி நீர் இருக்கலாம் என்கிறார் டாக்டர். படத்தில் நீர் எங்கே, டீச்சர்?" என்றான்.

நல்ல கேள்வி. நீரைத் தனியாகப் பார்க்க முடியாது என்பதே பதில். எக்ஸ்ரே கதிர் காற்றை எளிதில் கடக்கும். நுரையீரல் கறுப்பாக விழும். எலும்பு தடுக்கும், வெள்ளையாகத் தெரியும். இருதயத் தசையும் நீரும் ஏறக்குறைய ஒரே அளவில் தடுப்பதால் ஒரே வெள்ளை நிழலாகிவிடும். டாக்டர் பார்ப்பது அந்த நிழலின் உருவத்தைத்தான்.

இருதயத்தை மூடியிருக்கும் பைக்குள் 15 முதல் 50 மில்லிலிட்டர் நீர் இருப்பது இயல்பு. உராயாமல் துடிக்க அது வேண்டும். சுமார் 200 மில்லிலிட்டரைத் தாண்டினால்தான் நிழல் பெருக்கத் தொடங்கும். ஓரத்து வளைவுகள் மறைந்து, அடி அகன்று மேலே குறுகிய பானை ஒன்று உதரவிதானத்தின்மேல் உட்கார்ந்ததுபோல் இருக்கும். மார்புக்கூட்டின் உள்அகலத்தை ரூலரால் அளந்து பாருங்கள்; நிழல் அதில் பாதியை மீறினால் பெரிது. இருதயம் பலவீனமாகி வீங்கினாலும் நிழல் பெருக்கும்தான். ஆனால் அப்போது பெரும்பாலும் நுரையீரலிலும் நீர் கோத்து வெண்மை படர்ந்திருக்கும். பானை பெரிதாக இருந்தும் நுரையீரல் தெளிவாக இருந்தால் சந்தேகம் பையின்மேல் விழும்.

இங்கே ஒரு பொறி உண்டு. கட்டிலில் படுத்திருப்பவருக்கு முன்பக்கமிருந்து கதிரைப் பாய்ச்சுவார்கள். டார்ச் விளக்கின் முன் கையைச் சுவரிலிருந்து தள்ளிப் பிடித்தால் நிழல் பெருக்குமே, அதுபோல நல்ல இருதயமும் பெரிதாகத் தெரியும்.

இதைவிட ஆபத்து மறுபக்கம். நீர் மெல்லச் சேர்ந்தால் பை விரிந்து ஒரு லிட்டரைக்கூடத் தாங்கும். காயத்தால் திடீரென இரத்தம் கசிந்தால் 200 மில்லிலிட்டரே இருதயத்தை நெரித்துவிடும்; எக்ஸ்ரேயோ இயல்பாகவே இருக்கக்கூடும். மூச்சுத் திணறலோடு மயக்கமும் கழுத்து நரம்புப் புடைப்பும் இருந்தால் படத்துக்குக் காத்திராமல் 999ஐ அழையுங்கள்.

நீரை உறுதிசெய்வது ஒலியலை ஸ்கேன். 1965இல் அமெரிக்க மருத்துவர் ஹார்வி ஃபைகன்பாம் அதற்கு வழிகாட்டினார். இன்று கட்டிலருகிலேயே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

தாத்தாவைக் கிள்ளானுக்கு அனுப்பி ஸ்கேன் செய்து, ஊசி வழியாக நீரை எடுத்தார்கள். சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய், தைராய்டு குறைவு என்று காரணங்கள் பல உண்டு. அவருக்குக் காசநோய். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நாளும் தவறாமல் பேரன் பார்த்துக்கொள்கிறான்.