பகல்நேரப் பராமரிப்பில் கைக்குழந்தையின் அனுபவம்: தூத்துக்குடிக் கடற்கரையை முன்வைத்து ஓர் ஆய்வுமுறை விளக்கம்

முன்னுரை

குழந்தைநலப் பதிவேடுகளில் கைக்குழந்தை பெரும்பாலும் எண்களாகவே இடம்பெறுகிறது. எடை, உயரம், தடுப்பூசி போட்ட நாள், சத்துமாவின் அளவு ஆகியன முறையாகக் குறிக்கப்படுகின்றன. தாய் வேலைக்குச் சென்ற பின்னர் அக்குழந்தை பகற்பொழுதை எவ்வாறு உணர்கிறது என்பது அவற்றில் இடம்பெறுவதில்லை. பேச்சு வராத பருவத்தின் அனுபவத்தை ஆராயும் முறைகளையும், தூத்துக்குடிக் கடற்கரையில் அத்தகைய ஆய்வு கருதவேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திட்டமும் வயது எல்லையும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்றது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு 1972இல் அளித்த அறிக்கை அதற்கு முன்னோடியாக அமைந்தது. தமிழகத்தில் அங்கன்வாடி மையத்திற்கு நாள்தோறும் வருவோர் பொதுவாக 2 வயது நிரம்பியவர்களே. அவர்களினும் இளையோர்க்குச் சத்துமாவு வீட்டிற்கு வழங்கப்படுகிறது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. உப்பளக் கூலிப் பெண்களுக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் இவ்வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. அத்தகைய வீடுகளில் குழந்தை பாட்டி, அக்காள், அண்டை வீட்டார் ஆகியோரின் கையில் வளர்கிறது. ஆதலின், இங்குப் பகல்நேரப் பராமரிப்பு என்பது கட்டடத்தை மட்டும் குறிப்பதன்று.

அமைதியின் இரு பொருள்

லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் எஸ்தர் பிக் 1948இல் குழந்தை உற்றுநோக்கல் முறையைப் பயிற்சியாக்கினார். வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், குறிப்பெடுக்காமல் குழந்தையைக் கவனித்துப் பின்னர் எழுதுவது இம்முறை. எட்வர்டு டிரானிக் குழுவினர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், தாய் சிறிது நேரம் முகத்தில் எவ்வுணர்வும் காட்டாதிருந்தார். குழந்தை முதலில் அவரை ஈர்க்க முயன்றது. முயற்சி பலிக்காதபோது முகத்தைத் திருப்பி ஒடுங்கியது.

இம்முடிவு காப்பக ஆய்விற்கு இன்றியமையாதது. தொட்டிலில் அழாமல் கிடக்கும் பிள்ளையைத் 'தொல்லை தராத பிள்ளை' என்பர். அவ்வமைதி நிறைவாகவும் இருக்கலாம். அழைத்து அழைத்து ஓய்ந்ததாகவும் இருக்கலாம். அதற்கு முன் குழந்தை எதை நாடியது, யார் மறுமொழி தந்தார் என்பவற்றைக் கண்டாலன்றி இரண்டையும் வேறுபடுத்த இயலாது. ஆஸ்திரேலியாவின் சார்லஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குழந்தையின் தலையில் அணியும் சிறு ஒளிப்படக் கருவியையும் பயன்படுத்தினர். அக்கருவி குழந்தை திரும்பிய திசையைக் காட்டும், உணர்ந்ததைக் காட்டாது.

பிள்ளைத்தமிழ் தரும் சொற்கள்

குழந்தையின் உடலசைவைப் பருவமாக வகுத்த மரபு தமிழுக்கு உண்டு. பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ் இக்கடற்கரைத் தலத்தைப் பற்றியது. மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் இம்மாவட்டத்தின் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். தலைநிமிர்த்தி அசைதல் செங்கீரை, கைகொட்டுதல் சப்பாணி, தளர்நடையிட்டு வருதல் வருகை எனப் பெயர் பெறுகின்றன. இவை நுண்ணிய நோக்கிற்குச் சான்று. எனினும், பிள்ளைத்தமிழில் பேசுவோர் பெரியோரே; குழந்தையின் விருப்பமின்மைக்கு அங்கு இடம் குறைவு. அசைவைப் பெயரிட இம்மரபு உதவும். அசைவின் பொருளை முன்கூட்டி முடிவுசெய்ய உதவாது.

கடற்கரையின் இரு நாட்காட்டிகள்

உப்பள வேலை வெயில் ஏறுமுன் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பு உற்பத்தி நின்றுபோகிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உள்ளது. உப்பளத் தாய் மழைக்காலத்திலும் விசைப்படகுத் தந்தை தடைக்காலத்திலும் வீட்டிலிருக்கக்கூடும். குழந்தையைத் தூக்கும் கை பருவந்தோறும் மாறுகிறது. ஒருமுறை மட்டும் சென்று நோக்குபவர் பருவத்தின் விளைவைப் பராமரிப்பின் இயல்பு எனப் பிழைபட முடிவுசெய்வார். ஆகவே உற்பத்திக் காலம், மழைக்காலம், தடைக்காலம் ஆகிய மூன்றிலும் நோக்கல் நிகழவேண்டும்.

இசைவு

ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் குழு 2005இல் வெளியிட்ட 7ஆம் பொதுக் கருத்துரை, மிக இளைய குழந்தைகளும் பேச்சுக்கு முன்பே பலவகையில் தம் விருப்பைத் தெரிவிப்பர் என ஏற்கிறது. பெற்றோர் ஒப்புதல் மட்டும் போதாது என்பது இதன் வழிப் பெறப்படும். ஆய்வாளரைக் கண்டு குழந்தை முகம் திருப்பினால், உடல் விறைத்தால், அன்றைய நோக்கலை நிறுத்துதல் வேண்டும்.

முடிவுரை

கண்டதையும் ஊகித்ததையும் தனித்தனியே எழுதி, ஊகத்தைப் பராமரிப்போருடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதே இவ்வாய்வின் அடிப்படை. எடைப் பதிவேடு குழந்தை வளர்கிறதா என்பதைச் சொல்லும். அதன் அழைப்பிற்கு மறுமொழி கிடைக்கிறதா என்பதை உற்றுநோக்கலே சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான், உப்பளக் கரையிலும் மீனவக் குடியிருப்பிலும் 2 வயதிற்குட்பட்டோர்க்கான காப்பகம் எத்தகையதாக இருக்கவேண்டும் என்பதை முடிவுசெய்ய இயலும்.