தரை தட்டுவதற்கென்றே கட்டப்பட்ட படகுகள்

கப்பலோட்டிகள் அஞ்சும் விபத்துகளுள் ஒன்று, கப்பல் தரை தட்டுவது. ஆழம் குறைந்த இடத்தில் மணலிலோ பாறையிலோ கப்பலின் அடிப்பகுதி சிக்கிக்கொண்டால் பயணம் அத்துடன் நின்றுவிடும். ஆனால், வேண்டுமென்றே தரை தட்ட வேண்டும், தட்டியபின் சுமையை இறக்கிவிட்டுத் தானாகவே கடலுக்குத் திரும்ப வேண்டும் என்று கட்டப்பட்ட கலங்களும் உண்டு. அவைதான் இராணுவத் தரையிறங்கு படகுகள்.

நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஒன்றுக்கொன்று முரண்படும் தேவைகளை ஒரே பொருளில் எப்படி நிறைவேற்றினார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுத்து ஆராயும்படி வடிவமைப்புப் பாடத்தில் கேட்டிருந்தார்கள். நான் இந்தப் படகைத் தேர்ந்தெடுத்தேன். இயந்திரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நான், கடைசியில் கடற்கரைகளைப் பற்றித்தான் அதிகம் படித்தேன். ஏனென்றால் இந்தப் படகின் வெற்றியும் தோல்வியும் அது கடக்கும் கடைசிச் சில நூறு மீட்டரில்தான் முடிவாகின்றன.

முரண்பாடுகளின் கணக்கு

அலை மோதும் கடலில் நிலையாகச் செல்ல வேண்டுமானால், படகின் அடிப்பகுதி ஆழமாகவும் முன்பகுதி கூர்மையாகவும் இருப்பது நல்லது. கரையில் ஏற வேண்டுமானால் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். தட்டையான படகு அலையில் அதிகமாக ஆடும். அதில் வரும் வீரர்கள் கரையைத் தொடும் முன்பே வாந்தியெடுத்துக் களைத்துப்போவார்கள். வீரர்கள் விரைவாக வெளியேற முன்னால் அகலமான கதவு வேண்டும். ஆனால் அலையை முதலில் எதிர்கொள்வதும், எதிரியின் துப்பாக்கியைப் பார்த்தபடி திறப்பதும் அதே கதவுதான். சுழல்விசிறி நீருக்குள் இருந்தால்தான் படகு நகரும். ஆழம் குறைந்தால் அதுதான் முதலில் மணலில் உரசும்.

இந்தக் கணக்குக்கு விடை இல்லாத காலத்தில் நடந்ததுதான் 1915 ஏப்ரல் 25ஆம் நாள் துருக்கியின் கல்லிப்போலியில் நடந்த தரையிறக்கம். வீரர்களில் பெரும்பாலோர் சாதாரணத் துடுப்புப் படகுகளில் கரைக்கு வந்தனர். சிறிய நீராவிப் படகுகள் அவற்றை இழுத்து வந்து விட்டன. எந்தப் பாதுகாப்பும் இல்லாத அந்தப் படகுகளில் இருந்தவர்கள் சில கரைகளில் இறங்குவதற்கு முன்பே சுட்டு வீழ்த்தப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில், இயந்திரம் பொருத்தி, முன்னால் இறங்கு பலகை வைத்த படகுகளைப் பிரிட்டன் அங்கே களமிறக்கியது. ஆனால் போர் முடிந்தபின் இந்தத் துறையில் பெரிய நாடுகள் அதிக அக்கறை காட்டவில்லை. ஒரு நாடு மட்டும் விதிவிலக்கு. அது ஜப்பான்.

கோத்தா பாருவுக்கு வந்த கதவு

ஜப்பானிய இராணுவம் உருவாக்கிய 'டைஹட்சு' என்ற படகு ஏறக்குறைய 14 மீட்டர் நீளம் கொண்டது. சுமார் 70 வீரர்களை ஏற்றிச் செல்லும். அதன் சதுரமான முன்பகுதி அப்படியே கீழே சாய்ந்து பாதையாக மாறும். 1937இல் ஷங்ஹாய் போரின்போது ஜப்பானியர் இந்தப் படகுகளைப் பயன்படுத்துவதை விக்டர் குருலாக் என்ற அமெரிக்க மரீன் படை அதிகாரி நேரில் கண்டார். அப்போது அவருக்கு 24 வயது. தொலைவிலிருந்து படம் எடுத்து, வரைபடங்களோடு அறிக்கை ஒன்றை வாஷிங்டனுக்கு அனுப்பினார். நாடு திரும்பிய பிறகு அதைத் தேடிப் பார்த்தார். சீனாவில் இருக்கும் ஏதோ ஒரு கிறுக்கன் எழுதியது என்ற பொருளில் குறிப்பெழுதி, யாரோ அதைக் கோப்பில் போட்டு வைத்திருந்ததாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இந்தப் படகுகளை நம் நாடும் பார்த்தது. 1941 டிசம்பர் 8, நள்ளிரவு கடந்த நேரம். கோத்தா பாருவுக்கு அப்பால் நின்ற மூன்று ஜப்பானியக் கப்பல்களிலிருந்து வீரர்கள் தரையிறங்கு படகுகளில் இறக்கப்பட்டனர். பெர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு ஒரு மணி நேரத்திற்கும் முன்பே இது தொடங்கிவிட்டது. கிழக்குக் கரையின் பருவமழைக் காலம் அது. அலை உக்கிரமாக இருந்தது. சில படகுகள் கவிழ்ந்து வீரர்கள் மூழ்கினர். கரையைக் காத்து நின்றவர்கள் இந்திய இராணுவத்தின் டோக்ரா படைப்பிரிவினர். அவர்களுடைய கடுமையான எதிர்ப்பையும் மீறி, விடிவதற்குள் ஜப்பானியர் கரையில் காலூன்றிவிட்டனர். மலாயாவின் மூன்றரை ஆண்டுக்கும் மேற்பட்ட ஜப்பானிய ஆட்சி அந்தச் சாய்ந்து திறக்கும் கதவுகளின் வழியாகத்தான் வந்தது.

சதுப்புநிலம் தந்த விடை

அமெரிக்காவின் விடை கடற்படை அலுவலகத்திலிருந்து வரவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் மரவணிகம் செய்து, பிறகு படகு கட்டத் தொடங்கிய ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் என்பவரிடமிருந்து வந்தது. லூசியானா மாநிலத்தின் சதுப்புநிலங்களில் எண்ணெய் தேடுவோருக்கும் விலங்கு பிடிப்போருக்கும் அவர் படகுகள் செய்து கொடுத்தார். அங்கே ஆழம் குறைவு. மிதக்கும் மரக்கட்டைகள் அதிகம். எனவே அவருடைய படகின் முன்பகுதி கரண்டி போல் வளைந்து, கட்டைகளின் மேலும் மணல்திட்டின் மேலும் ஏறும்படி இருந்தது. சுழல்விசிறி அடிப்பகுதியில் குடைந்த ஒரு பள்ளத்துக்குள் பாதுகாப்பாக இருந்தது. கரையில் ஏறிய பிறகு பின்னோக்கி ஓட்டி வெளியே வரவும் முடிந்தது.

தொடக்கத்தில் அந்தப் படகில் முன்கதவு இல்லை. வீரர்கள் பக்கவாட்டில் ஏறிக் குதிக்க வேண்டியிருந்தது. 1941இல் ஜப்பானியப் படகின் படத்தை மரீன் படையினர் ஹிக்கின்ஸிடம் காட்டினர். அவர் தம் படகின் முன்பகுதியை வெட்டி இரும்புக் கதவு பொருத்தினார். சீனாவில் எடுத்த படமும் சதுப்புநிலத்தின் அனுபவமும் இணைந்து பிறந்ததுதான் 'ஹிக்கின்ஸ் படகு'.

அதன் அளவுகளைப் பாருங்கள். நீளம் 11 மீட்டர். அகலம் 3.3 மீட்டர். 36 வீரர்கள், அல்லது ஒரு ஜீப்பும் 12 வீரர்களும். முன்பகுதி நீருக்குள் 66 சென்டிமீட்டரும் பின்பகுதி 91 சென்டிமீட்டரும் இறங்கும். முன்னே குறைவாகவும் பின்னே அதிகமாகவும் இருப்பதால் முன்பகுதி மணலைத் தொட்ட பிறகும் சுழல்விசிறிக்குப் போதிய நீர் இருக்கும். பக்கங்கள் ஒட்டுப்பலகையால் ஆனவை. அவை தோட்டாவைத் தடுக்காது. கனமான கவசம் போட்டால் படகு இன்னும் ஆழமாக இறங்கும். இறங்கினால் கரைக்கு எட்டாது. பாதுகாப்பைக் குறைத்துத்தான் அந்தச் சில சென்டிமீட்டரை வாங்கினார்கள். இந்த வகையில் 20,000க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன. கறுப்பினத்தவரும் பெண்களும் வெள்ளையர் ஆண்களோடு ஒரே தொழிற்சாலையில், ஒரே வேலைக்கு ஒரே சம்பளத்தில் வேலை செய்தது, அன்றைய தெற்கு அமெரிக்காவில் அரிதான காட்சி.

தாராவாவும் நார்மண்டியும்

இவ்வளவு நல்ல படகும் ஓரிடத்தில் கைவிட்டது. 1943 நவம்பர் 20, பசிபிக் பெருங்கடலின் தாராவா தீவு. அதைச் சுற்றிப் பவளப்பாறை வளையம் உண்டு. அதன் மேல் போதிய நீர் இருந்தால் ஹிக்கின்ஸ் படகு கடந்துவிடும். ஆனால் அன்று நீர் ஏற்றம் குறைவாக இருக்கும் நாள். அந்தத் தீவுகளில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஃபிராங்க் ஹாலண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, அந்த நாளில் பாறைமேல் நீர் போதாது என்று முன்கூட்டியே எச்சரித்தார். திட்டம் மாறவில்லை. படகுகள் பாறையில் நின்றுவிட்டன. வீரர்கள் சுமார் 500 மீட்டர் தூரம், நெஞ்சளவு நீரில், இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்தார்கள். நான்கு நாட்களுக்குள் முடிந்த அந்தப் போரில் ஏறத்தாழ 1,000 மரீன் வீரர்கள் உயிரிழந்தனர்.

அன்று பாறையைக் கடந்தவை, நீரிலும் நிலத்திலும் ஓடும் சங்கிலிச் சக்கர வண்டிகள் மட்டுமே. அவற்றின் மூதாதை போருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. புளோரிடாவின் சதுப்புநிலத்தில் புயலில் சிக்கியவர்களை மீட்க டொனால்ட் ரோப்ளிங் என்ற பொறியாளர் உருவாக்கிய வண்டி அது.

ஏழு மாதம் கழித்து, 1944 ஜூன் 6ஆம் நாள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் 4,000க்கும் மேற்பட்ட தரையிறங்கு கலங்கள் பங்கேற்றன. அங்கே நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பல மீட்டர் வேறுபாடு உண்டு. நீர் அதிகமாக இருந்தால், ஜெர்மானியர் நட்ட இரும்புத் தடைகள் மறைந்து படகைக் கிழிக்கும். வற்றிக்கொண்டிருக்கும்போது போனால் படகு கரையிலேயே மாட்டிக்கொள்ளும். நீர் குறைவாக இருந்து, ஏறத் தொடங்கும் நேரம்தான் சரியானது. அந்த நேரத்தைக் கணித்துக் கொடுத்தவர் லிவர்பூலுக்கு அருகே பணியாற்றிய ஆர்தர் டூட்சன் என்ற கணித அறிஞர். காது கேளாதவர். பற்சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட கணிப்பு இயந்திரத்தை வைத்து, எந்தக் கரை என்பதுகூடச் சொல்லப்படாமல், எண்களை மட்டும் வைத்து அவர் கணக்கிட்டார். ஒமாஹா கரையில் அன்று பல படகுகள் மணல்திட்டில் முட்டி, கரைக்கு வெகு முன்பே கதவைத் திறந்தன. கனமான மூட்டையோடு இறங்கியவர்கள் ஆழத்தில் மூழ்கினார்கள். கணிதம் எல்லா உயிரையும் காக்கவில்லை. ஆனால் தாராவாவில் கேட்கப்படாமல் போன கேள்வி இங்கே கேட்கப்பட்டிருந்தது.

நம் மோரிப்

அடுத்த கரை எனக்கு மிகவும் பழக்கமானது. என் ஊர் பந்திங். மோரிப் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரை. நீர் வற்றினால் கடல் எங்கோ தொலைவுக்குப் போய்விடும். தண்ணீரைத் தேடி நடந்தால், மேலே கெட்டியாகத் தெரியும் மணலுக்குள் கால் புதையும். அங்கு வளர்ந்த எந்தச் சிறுவனுக்கும் இது தெரியும்.

1945 செப்டம்பர் 9ஆம் நாள், மலாயாவை மீட்கும் 'ஸிப்பர்' நடவடிக்கையின் தரையிறக்கம் இதே மோரிப்பில் நடந்தது. போர்ட் டிக்சன் பகுதியிலும் படைகள் இறங்கின. மோரிப்பில் இறங்கியது 25ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. 1942இல் தமிழ்நாட்டின் சேலத்தில் உருவாக்கப்பட்ட பிரிவு அது. ஜப்பான் அதற்கு முன்பே சரணடைந்துவிட்டதால் கரையில் எதிர்ப்பு இல்லை. இருந்தும் அந்தத் தரையிறக்கம் திணறியது. திட்டமிட்டவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு மணல் கெட்டியாக இல்லை. மேல்படலத்தின் அடியில் இருந்த சேற்றில் லாரிகளும் மற்ற வாகனங்களும் புதைந்து நின்றன. அன்று அந்தக் கரையில் துப்பாக்கிகள் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அந்தத் தரையிறக்கத்தை நினைவுகூரும் கல் ஒன்று மோரிப்பில் இருக்கிறது. பலமுறை அதன் அருகே அமர்ந்து ரொஜாக் சாப்பிட்டிருக்கிறேன். அதில் எழுதியிருப்பதை நின்று படித்தது இந்த ஆண்டுதான்.

போருக்குப் பின்

போரோடு இந்தக் கலங்களின் வாழ்க்கை முடியவில்லை. பீரங்கி வண்டிகளையே கரையில் இறக்கும் பெரிய தரையிறங்கு கப்பல்களும் அன்று கட்டப்பட்டன. 100 மீட்டர் நீளமுள்ள இந்தக் கப்பல்களின் முதல் வரைவை ஜான் நீடர்மேயர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1941 நவம்பரில் வரைந்தார். கடலில் செல்லும்போது நீர்த்தொட்டிகளை நிரப்பிக்கொண்டால் கப்பல் ஆழமாக இறங்கி நிலையாகச் செல்லும். கரையை நெருங்கும்போது அந்த நீரை வெளியேற்றினால் மேலெழும்பும். பெரும் முரண்பாட்டுக்கு எளிமையான தீர்வு. 1,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. கடலோரத் தளங்கள் போதாமல், உள்நாட்டு ஆற்றங்கரைகளிலும் கட்டினார்கள்.

அவற்றுள் ஒன்று 1971இல் சிங்கப்பூர்க் கடற்படைக்கு வந்தது. 'எண்டியூரன்ஸ்' என்று பெயர் பெற்றது. பிற்காலத்தில் சிங்கப்பூர் தானே வடிவமைத்துக் கட்டிய புதிய கப்பலுக்கும் அதே பெயரை வைத்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை ஆச்சேயைச் சிதைத்தபோது, மெலாபோ நகருக்குச் செல்லும் சாலைகளும் பாலங்களும் அழிந்துபோயின. துறைமுகமும் பயன்படவில்லை. அந்தப் புதிய எண்டியூரன்ஸ் 2005 ஜனவரித் தொடக்கத்தில் அங்கே சென்றது. கப்பல் கரைக்கு அப்பால் நின்றது. அதன் உள்ளிருந்து புறப்பட்ட சிறிய தரையிறங்கு படகுகள் மருந்தையும் உணவையும் மண் அள்ளும் இயந்திரங்களையும் கரைசேர்த்தன. அந்தக் குழுவின் முதல் வேலைகளுள் ஒன்று, படகு ஏறக்கூடிய ஒரு துண்டுக் கரையைத் தேடுவதுதான். அலை, கடலடித் தரையின் வடிவத்தையே மாற்றியிருந்தது.

இந்தப் பாடத்தைச் சமர்ப்பித்த பிறகு, குழுவாகச் செய்யும் அடுத்த வடிவமைப்புப் பணி தொடங்கிவிட்டது. கிராமத்து வாய்க்காலில் நீர் மட்டத்தை அளக்கும் கருவி ஒன்றைச் செய்ய வேண்டும். கணினியில் வரையத் தொடங்கும் முன், அந்த வாய்க்காலோரம் குடியிருப்பவர்களிடம் போய்ப் பேசுவோம் என்று சொன்னேன். நேரம் வீணாகும் என்றார் ஒரு நண்பர். அவரிடம் தாராவாவின் கதையைச் சொன்னேன். வரும் சனிக்கிழமை நாங்கள் நால்வரும் போகிறோம்.