நற்செய்தி கேளாதார் கதி



கிறிஸ்துவின் வாயிலாகவன்றி மனிதருக்கு மீட்பு இல்லை என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைக் கொள்கை. புராட்டஸ்டண்டு சபையார் இதனை இரட்சிப்பு என்பர். சொல் வேறாயினும் பொருள் ஒன்றே. அங்ஙனமாயின், அவருடைய பெயரைக் கேட்கும் வாய்ப்பே இன்றி வாழ்ந்து மறைந்தோர் கதி யாது? இவ்வினா மறைநூல் வல்லாரின் ஏட்டில் மட்டும் எழுந்ததன்று. மகன் திருமுழுக்குப் பெறுகிறான். அதற்கு முன்பே கண்மூடிய தாய் எங்கிருக்கிறாள் என்று அவன் கேளாமலிருப்பானா?

முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1542 முதல் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார் இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்தவர். யப்பான் நாட்டில் ஈராண்டுக்கு மேல் போதித்துத் திரும்பிய அவர், 1552 சனவரி 29ஆம் நாள் கொச்சியிலிருந்து ஒரு நீண்ட மடல் எழுதினார். இறைவன் அருளாளனாயின் எம் முன்னோர்க்கு இதனை ஏன் வெளிப்படுத்தவில்லை என்று யப்பானியர் வினவினர். இயற்கையாகவே நெஞ்சில் எழுதப்பட்ட அறநெறி எல்லார்க்கும் உண்டு. கொலையும் களவும் தீயன என்று எவரும் கற்பியாமலே மனிதர் அறிவர் என அவர் விடையிறுத்தார். நரகில் வீழ்ந்த முன்னோரை வேண்டுதலாலும் தருமத்தாலும் மீட்கலாகுமா என்று கேட்டபொழுதோ, இயலாது என்றே சொல்ல நேர்ந்தது. அவர்கள் அழுதனர். அன்பர் அழக் கண்டு தாமும் வருந்தியதை அவர் மறையாது எழுதியுள்ளார். அவர் கூறிய முதல் விடையும் இரண்டாம் விடையும் ஒன்றோடொன்று முழுதும் இசையவில்லை என்பதே என் கருத்து.

விவிலியத்திலும் இவ்விரு குரல்களும் உள்ளன. இயேசுவின் பெயரன்றி வேறு பெயரால் மீட்பில்லை என்று திருத்தூதர் பணிகள் நூலில் பேதுரு முழங்குகிறார். அந்நூலிலேயே கொர்நேலியு என்னும் உரோமைப் படைத்தலைவன், பேதுருவைக் காணுமுன்பே இறைவனுக்கு உகந்தவனாகக் காட்டப்படுகிறான். திருச்சட்டம் பெறாத மக்களுக்கு மனச்சான்றே சான்று பகரும் என்கிறார் பவுல். இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன், அறிவொளியின்படி வாழ்ந்த சாக்ரடீசு போன்றோரையும் கிறிஸ்தவர் என்றே எண்ணினார். மூன்றாம் நூற்றாண்டில் சிப்பிரியானோ, திருச்சபைக்குப் புறம்பே மீட்பில்லை என்றார். அவர் கண்டித்தது சபையைப் பிரிந்து சென்றோரை. பிற்காலத்தார் அதனைக் கேளாதார் மீதும் சுமத்தினர்.

இவ்வழக்கு நம் அண்டையிலேயே ஒருமுறை பெரிதாக ஆராயப்பட்டது. ஆவடியை அடுத்த எங்கள் வெள்ளானூரிலிருந்து ஒரே பகலில் போய் வரத்தக்க தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு கூடிற்று. பல நாடுகளிலிருந்தும் 400க்கு மேற்பட்ட பேராளர் வந்தனர். என்றிக் கிரேமர் என்னும் ஒல்லாந்து அறிஞர் மாநாட்டிற்கெனவே ஒரு பெருநூல் எழுதியிருந்தார். சமயங்கள் மனிதனின் தேட்டம். கிறிஸ்துவோ இறைவனின் செயல். முன்னதிலிருந்து பின்னதற்கு ஏணி இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அக்கல்லூரியின் முதல்வராயிருந்த ஆக் அதனை ஏற்கவில்லை. பிற சமயத்தாரிடத்தும் இறைவனோடு மெய்யாக உறவாடும் நம்பிக்கை உண்டு என்றும், அந்நம்பிக்கையைச் சமயக் கோட்பாட்டுத் தொகுதியோடு ஒன்றாக்கிவிடலாகாது என்றும் அவர் வாதிட்டார். செஞ்சையா, சக்கரை முதலிய நம்மவர் சிலர், இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்யும் நூலொன்றை அவ்வாண்டே வெளியிட்டனர். இந்து சமயத்தைத் தொலைவிலிருந்து ஆய்வோர்க்கும், அதனைப் பாட்டன் பாட்டியின் முகமாக அறிந்தோர்க்கும் நோக்கு வேறுபடுதல் இயல்பே.

இங்கே இரு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். மீட்பவர் யார் என்பது ஒன்று. மீட்கப்படுவோன் அவரை அறிந்திருத்தல் வேண்டுமா என்பது மற்றொன்று. ஏரியை வெட்டியவன் பெயரறியாமலே அதன் நீரில் விளைந்த நெல்லை உண்கிறோம். அவ்வாறே கிறிஸ்துவின் பயன் அவரை அறியாதார்க்கும் எட்டும் என்பர் ஒரு சாரார். மறு சாரார், நம்பிக்கை என்பது நீரன்று, ஒருவரோடு கொள்ளும் உறவு. அறியாதவரோடு உறவேது என மறுப்பர். இறந்தபின் அறியும் வாய்ப்புக் கிட்டும் என்போரும், இறைவனின் நீதிக்கு விட்டுவிட்டு வாய்மூடி நிற்போரும் உளர். அறியாமையே காக்குமாயின் போதிப்பது கேடல்லவா என்று சிலர் கேட்பர். அறியாமை காக்கும் என்று எவரும் சொல்லவில்லை. அருள் காக்கும் என்பதே சொல்லப்பட்டது.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21ஆம் நாள் வெளியிட்ட ஏட்டில், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும், நேரிய உள்ளத்தோடு இறைவனைத் தேடி, அருளின் தூண்டுதலால் மனச்சான்றின்படி நடப்போர் நிலையான மீட்பை அடையக்கூடும் என்று எழுதப்பட்டது. அதனை அடுத்த பகுதியிலேயே, உலகெங்கும் சென்று போதிக்கும் கடமையும் தளர்வின்றி வற்புறுத்தப்பட்டிருக்கிறது. சவேரியார் கொச்சியிலிருந்து மடல் எழுதி அப்பொழுது 412 ஆண்டுகள் கடந்திருந்தன.