ஸ்லோ நிற்காத வண்டி

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று ஓட்டத்தில் நன்றாக இழுத்து, ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்த க்ஷணத்தில் மட்டும் குலுங்கித் தடுமாறி நின்றுபோகுமானால், அதன் சொந்தக்காரர் முதலில் செய்கிற காரியம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கார்புரேட்டரின் விலாவில் தெரிகிற திருகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பதுதான். அது எல்லாவற்றுக்கும் கடைசியில் செய்யவேண்டிய காரியம் என்பது என் அபிப்பிராயம். ‘ஸ்லோ நிக்கல’ என்று மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகப்படும் வண்டிகளில் பலவற்றில், அந்தத் திருகு நிரபராதி.

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூருக்கு அருகே, அடைக்கல மாதா ஆலயத்தால் பெயர்பெற்ற ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் இந்த விஷயம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டில் வந்து 1996இல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100, 1955 முதல் சென்னையில் உருவான புல்லட் ஆகியவை உரமூட்டைக்கும் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கும் கிராமங்களில் இன்னும் பயன்படுகின்றன. 2020 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதியை ஒட்டி, புதிய வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரின் கட்டளைப்படி பெட்ரோலைப் பீச்சும் கருவி வந்துவிட்டது. பழைய வண்டிக்கு உடையவரின் காதும் கையுமே கம்ப்யூட்டர். இவற்றோடு, அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிவிடும் வெண்புழுதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிமெண்டுக்கு உதவும் அந்தப் புழுதி ஏர் ஃபில்டருக்குப் பரம சத்துரு.

கார்புரேட்டரின் தத்துவம் எளியது. குழாயின் ஓரிடத்தைக் குறுக்கினால் அங்கே காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் ஒரு துவாரம் இருந்தால் கீழேயுள்ள பெட்ரோல் தானாக மேலேறித் தூவானமாகக் காற்றில் கலக்கிறது. இந்தக் குறுகிய கழுத்துக்குப் பெயர் தந்த வெந்தூரி என்ற இத்தாலியர் 1746இல் பிறந்தார். ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தமிழுக்குத் தொண்டு செய்த மற்றோர் இத்தாலியரான வீரமாமுனிவர், பொதுவாகச் சொல்லப்படுகிறபடி, அதற்கு மறு ஆண்டில் காலமானார். இதற்கு மேல் அவ்விருவருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இவ்வூரில் நின்று கார்புரேட்டரைப் பற்றிப் பேசுகிறவனுக்கு இது நினைவுக்கு வராமல் போகாது.

ஓர் எடைப் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 எடைக் காற்று வேண்டும். வேகமாகப் போகும்போது இந்த விகிதத்தைக் காக்கும் பொறுப்பு மெயின் ஜெட்டுக்கும் ஊசிக்கும் உரியது. கையை எடுத்துவிட்டால் ஸ்லைடு இறங்கிப் பாதையை ஏறக்குறைய மூடிவிட, இஞ்சினின் ஜீவனம் முழுவதும் ஸ்லோ ஜெட் என்னும் பித்தளைத் துண்டின் மயிரிழைத் துவாரத்தை நம்பி நிற்கிறது. மெயின் ஜெட் சிரமமின்றி விழுங்கிவிடும் ஒரு துகள் இங்கே அடைத்துக்கொள்ளும். ஆகையால்தான் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் குறைசொல்ல முடியாத வண்டி, டீக்கடை வாசலில் ஸ்லோவில் நிற்க மறுக்கிறது.

ஆயினும் ஜெட்டுக்குப் போகுமுன் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே முறை. முனை இளம் பழுப்பாயிருந்தால் கலவை சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது புழுதியால் ஏர் ஃபில்டர் மூச்சடைத்திருக்கிறது. வெளிறியிருந்தால் காற்று அதிகம். டூ ஸ்ட்ரோக் வண்டியானால் ஆயில் படிந்து பிளக் நனைந்திருப்பதும் உண்டு. அடுத்து பிளக் கேப்பின் பிடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் டாப்பெட்டின் இடைவெளி, ஏனெனில் அது இறுகிப்போனால் வால்வு முழுதும் மூடாமல், அழுத்தம் கசிந்து, ஸ்லோ முதலில் கெடும். அதன்பின் கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பரும் பேக்கிங்கும்: அங்கே வெடிப்பு இருந்தால் அழையாத காற்று உள்ளே புகுந்து, ஸ்லோ ஒரு கணம் ஏறியும் மறு கணம் இறங்கியும் அலையும். இஞ்சின் ஓடும்போதே அந்த மூட்டில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் கள்வன் அகப்பட்டான். சூடான சைலென்சரின் பக்கத்தில் பெட்ரோலைத் தெளித்து இந்தப் பரீட்சையைச் செய்யும் தைரியசாலிகளும் இருக்கிறார்கள், அவர்களைப் பின்பற்றவேண்டாம். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் ஆற்றைக் கடந்த சீடன் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுவது போல, இத்தனை காரணங்களையும் எண்ணுகிற சொந்தக்காரர், போன வாரம் திருகைத் திருப்பிய தம்முடைய கையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இவையெல்லாம் சரியாயிருந்தால் மட்டும் கார்புரேட்டரைக் கழற்றலாம். நெடுநாள் நின்ற வண்டியானால் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் வற்றிப் பழுப்புப் பிசின் படிந்திருக்கும். ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கண்ணை ஒட்டிப் பார்த்தால், சுத்தமான ஜெட்டில் ஊசிமுனையளவு வட்டமாக ஒளி தெரியும்; அது பிறையாகத் தெரிந்தாலும் அடைப்பு உண்டென்றே அர்த்தம். எஃகுக் கம்பியை விட்டுக் குத்தக்கூடாது. பித்தளை மிருதுவானது, துவாரம் பெருத்துவிட்டால் பின் எந்தத் திருகாலும் சரிசெய்ய இயலாது. கிளீனரில் ஊறவைத்துக் காற்றடிப்பதே உத்தமம். மிஞ்சினால் மின்வயரிலுள்ள ஒற்றைச் செம்பு இழை.

சமீபகாலத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2023இல் விற்பனைக்கு வந்து இப்போது எங்கும் பரவிவிட்ட 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், எரிவதற்குப் பழைய பெட்ரோலைவிடக் குறைந்த காற்றையே வேண்டுகிறது. புதிய வண்டி அதைத் தானே உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டருக்கு அந்த ஞானம் இல்லாமையால் கலவை சற்றே வறண்டுபோகிறது. எத்தனால் நீரை ஈர்ப்பதும் பழைய ரப்பர்களை உப்பவைப்பதும் தனி உபத்திரவம்.

இனித் திருகைத் தொடலாம். நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி இஞ்சினைச் சூடாக்கி, ஸ்லோ ஸ்க்ரூவால் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிவைத்து, ஏர் ஸ்க்ரூவை மெல்ல அடிவரை மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திறக்கவேண்டும். பிறகு கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் இஞ்சினுக்குச் சில விநாடி அவகாசம் தந்து, சத்தம் உச்சமாகவும் சீராகவும் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு, ஸ்லோ ஸ்க்ரூவால் வேகத்தைப் பழைய நிலைக்கு இறக்கவேண்டும். ஏர் ஸ்க்ரூ ஃபில்டர் பக்கமாக அமைந்த வண்டிகளில் அதை மூடினால் பெட்ரோல் கூடும். இஞ்சின் பக்கமாக அமைந்தவற்றில் மூடினால் குறையும். இந்தப் பேதம் தெரியாமல் எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டிருப்பவர்கள் அநேகர்.

எல்லாம் முடிந்தபின் ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அப்போது இஞ்சினின் வேகம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. கேபிளைத் தளர்த்தி, அதன் பாதையைச் சரிசெய்துவிட்டு, ஸ்லோவை மட்டும் மறுபடி வைத்தால் போதும்.