சாவியுடன் பெற வேண்டிய ஆவணங்கள்

புதுமனை புகும் நாளில் வீட்டின் சாவியை மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொள்கிறோம். அவ்வீடு எவ்வாறு கட்டப்பட்டது என்பதைக் கூறும் ஆவணங்களையோ பலரும் கேட்பதில்லை. கிரயப் பத்திரம் இருக்கிறதே என்று அமைதி கொள்கின்றனர். பத்திரம் உரிமையைச் சொல்லும். அஸ்திவாரத்தின் ஆழத்தைச் சொல்லாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தம் வீட்டின் மேல் ஒரு தளம் எழுப்பக் கடன் கோரி எங்கள் கிளைக்கு வந்தார். உரிமை ஆவணங்களில் குறையில்லை; ஓய்வூதியமும் தவணைக்குப் போதுமானது. ஆயினும், எங்கள் மதிப்பீட்டுப் பொறியாளர் கேட்ட கட்டமைப்பு வரைபடம் அவரிடம் இல்லை. வீட்டைக் கட்டிய ஒப்பந்ததாரர் ஊரை விட்டுச் சென்று வெகுகாலம் ஆகியிருந்தது. இறுதியில் சுவரோரம் குழி தோண்டி அஸ்திவாரத்தையும், பூச்சைப் பெயர்த்துத் தூண்களின் கம்பிகளையும் ஆராய வேண்டியதாயிற்று. அந்த அஸ்திவாரம் ஒரு தளத்திற்கு மட்டுமே உரியது எனத் தெரிந்தது. மகனின் திருமணத்திற்குள் மாடி எழுப்ப எண்ணியிருந்த அவர், அந்த எண்ணத்தையே கைவிட நேர்ந்தது. வரைபடம் கையில் இருந்திருந்தால், திருமணத்திற்கு நாள் குறிக்கும் முன்பே வேறு வழி தேடியிருப்பார்.

சட்டம் கூறும் கடமை

அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்குவோருக்கு, ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் துணை நிற்கிறது. பணி நிறைவுச் சான்றிதழையோ, குடிபுகுவதற்கான சான்றிதழையோ, பொருந்துமிடத்து இரண்டையுமோ உரிய அதிகாரியிடம் பெற்று வீடு வாங்கியோருக்கு அளிப்பது, இச்சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி கட்டுநரின் பொறுப்பாகும். வீட்டை ஒப்படைத்தபின் தேவையான ஆவணங்களையும் வரைபடங்களையும் உரிமையாளர் சங்கத்திடம் அளிக்க வேண்டும் என்கிறது 17ஆம் பிரிவு. அவற்றைப் பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என 19ஆம் பிரிவு உறுதி செய்கிறது.

ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தென்பட்டுத் தெரிவிக்கப்பட்டால், கட்டுநர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். அந்த 5 ஆண்டுகள் எந்நாளில் தொடங்கின என்பதற்குச் சான்று, தேதியிட்ட ஒப்படைப்புக் கடிதமே.

சொந்த மனையில் ஒப்பந்தத்தின் பேரில் வீடு கட்டுவோரின் நிலை வேறு. அங்கே உள்ளாட்சியின் கட்டட விதிகளும் நீங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தமுமே பாதுகாப்பு. எனவே, வரைபடங்களையும் சான்றிதழ்களையும் ஒப்படைத்த பின்னரே கடைசித் தவணை தரப்படும் என்ற நிபந்தனையைத் தொடக்கத்திலேயே எழுத்தில் சேர்த்துவிடுங்கள். பணம் முழுவதும் கைமாறிய பின்பு கேட்கும் காகிதம் எளிதில் வந்து சேர்வதில்லை.

வங்கி ஏன் கேட்கிறது?

கட்டடத்தின் பேரில் கடன் வழங்கும் முன் நிறைவுச் சான்றிதழையோ குடிபுகுவதற்கான சான்றிதழையோ சரிபார்க்க வேண்டும் என 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளையும் சான்றிதழைக் கண்ட பின்னரே வழங்க வேண்டும் என்றது. ஆகவே, நாங்கள் இவற்றைக் கேட்பது அலைக்கழிப்பதற்காக அன்று. சான்றில்லாத கட்டடத்தை அடமானம் வைப்பதும் விற்பதும் கடினம். அந்த இழப்பு உங்களுடையதே.

கேட்டுப் பெற வேண்டியவை

• அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும், உண்மையில் கட்டப்பட்டபடி வரைந்த வரைபடமும்
• உரிமம் பெற்ற பொறியாளர் கையொப்பமிட்ட கட்டமைப்பு வரைபடமும் உறுதிச் சான்றும்
• பணி நிறைவு மற்றும் குடிபுகுவதற்கான சான்றிதழ்கள்
• சுவருக்குள் செல்லும் மின்கம்பிகள், குழாய்களின் வரைபடம்
• கறையான் தடுப்பு, நீர்க்கசிவுத் தடுப்பு, மின்தூக்கி ஆகியவற்றின் உத்தரவாதப் பத்திரங்கள்
• தேதியிட்ட ஒப்படைப்புக் கடிதம்

சுவருக்கு வண்ணம் பூசும் முன், உள்ளே பதித்த குழாய்களைக் கைபேசியில் படமெடுத்து வைப்பதும் பயன் தரும். பின்னாளில் ஆணி அடிக்கும்போது அதன் அருமை விளங்கும்.

ஆவணங்களின் படிகளை வீட்டிலும், மூலங்களைப் பாதுகாப்புப் பெட்டகத்திலும் வையுங்கள். கடனுக்காக எங்களிடம் ஒப்படைத்த மூலங்களுக்கு ஒப்புகைச் சீட்டுப் பெற மறவாதீர்கள். கட்டியவர் ஊர் மாறலாம், நிறுவனமும் மூடப்படலாம். வீட்டைப் பற்றிக் கேட்க வேறெவரும் இல்லாத நாளில் அந்தக் கோப்புதான் விடை சொல்லும்.