சிலிகோன் உடலில் சேர்கிறதா?
மும்பை தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக முறுக்குச் சுட்டு விற்று வருகின்றன. காய்ந்த எண்ணெய் நுரைத்துப் பொங்குவது இத்தொழிலில் ஆபத்தானது. நுரையை அடக்க, பொரிக்கும் எண்ணெயில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை டைமெத்தில் பாலிசிலாக்சேன் என்ற சிலிகோனைச் சேர்க்க இந்திய விதிகள் இடமளிக்கின்றன. வயிற்று உப்புசத்திற்கான மாத்திரைகள் பலவற்றிலும் இதுவே உள்ளது.

சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறிமாறிப் பிணைந்த இந்நெடுஞ்சங்கிலி நீரில் கரையாது. செரிமான நொதிகளால் துண்டிக்கப்படுவதுமில்லை. குடற்சுவரைக் கடக்கவியலாமல், ஏறத்தாழ முழுவதும் மலத்துடன் வெளியேறுகிறது. சிறு வளைய மூலக்கூறுகள் மட்டும் ஓரளவு உறிஞ்சப்படக்கூடும். உணவுத் தரச் சிலிகோன் வலியுறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவலைக்குரியது எண்ணெயே. பன்முறை காய்ந்த எண்ணெய் மிகுந்த நுரையால் தன் சிதைவை உணர்த்தும். நுரையடக்கி அவ்வறிகுறியை மறைத்துவிடக்கூடும். சிலிகோனைப் போலன்றி, சிதைவுப் பொருள்கள் பல உடலில் சேர்பவை. காய்ச்சக் காய்ச்சப் பெருகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்துவதற்கு 2018 ஜூலை முதல் தடை உள்ளது.