கட்டில் உண்டு, கைகள் எங்கே?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடம் எழும்புகிறது. தோரணம் கட்டுகிறார்கள், நாடாவை வெட்டுகிறார்கள், சலவைக்கல்லில் பெயர் பொறிக்கிறார்கள். மகிழத்தக்க காட்சிதான், நாமும் மகிழ்கிறோம். ஆனால், அன்றிரவு பதினொரு மணிக்கு இடுப்புவலியோடு ஒரு கூலிக்காரன் மனைவி அந்தப் படியேறி வரும்போது, சலவைக்கல்லா எழுந்து வந்து பிரசவம் பார்க்கும்? கட்டடத்துக்குத் திட்டம் போட்டவர்கள், கட்டடத்துக்குள் நிற்கவேண்டிய மனிதருக்குத் திட்டம் போட்டார்களா? அதைத்தான் கேட்கிறோம்.

கணக்குப் பார்ப்போம், தோழர்களே! ஆலையில் மூன்று ஷிப்டும் பார்த்த கைகளுக்கு இந்தக் கணக்கை நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. சுகாதார நிலையம் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்பதற்காக, நிலையத்துக்கு மூன்று நர்சு என்ற ஏற்பாடு தமிழ்நாட்டிலே வந்தது. நல்ல ஏற்பாடு, எத்தனையோ தாய்மாரின் உயிரைக் காத்த ஏற்பாடு. மூன்று ஷிப்டு, மூன்று நர்சு. காகிதத்திலே கணக்கு நேராகிவிட்டது!

காகிதத்தை விட்டு நாட்காட்டிக்கு வருவோம். ஆண்டுக்கு 365 நாள், நாளுக்கு 3 ஷிப்டு, ஆக 1,095 ஷிப்டு. ஒரு நர்சுக்கு வார ஓய்வு 52 நாள் போக மிச்சம் 313. பண்டிகை, தற்செயல் விடுப்பு, காய்ச்சல், பயிற்சி என்று 33 நாளைக் கழிப்போம். தாராளமாகக் கழித்ததாக யாரும் சொல்லமுடியாது. மீதி 280. மூவரும் சேர்ந்து 840 ஷிப்டு. 1,095 எங்கே, 840 எங்கே! இடையிலே தொங்கும் 255 ஷிப்டை யார் பார்ப்பது? ஓய்வைத் துறந்து அந்த மூவரே பார்க்கவேண்டும். அல்லது நாற்காலி காலியாகக் கிடக்கவேண்டும்.

மூவரில் ஒருவர் பிள்ளைப்பேற்றுக்குப் போனால்? 2021 முதல் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்குப் பன்னிரண்டு மாதம் மகப்பேறு விடுப்பு உண்டு. அது அவர் உரிமை. அந்த உரிமையை வாழ்த்துகிறோம். ஆனால் மிஞ்சும் இருவரிடம் இருப்பது 560 ஷிப்டு. தேவையில் பாதியைத்தான் சற்றே தாண்டுகிறது! பிள்ளை பெறுவது எதிர்பாராத விபத்தா? பெண்களே பெரும்பாலும் பணிபுரியும் துறையிலே, மாற்று ஆளுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்காத திட்டம் என்ன திட்டம்?

எனவே முதல் திருத்தம் இது: நாற்காலியை எண்ணுவதை விட்டு வேலையை எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு முறையை 1998இல் வெளியிட்டது. 2010இல் செப்பனிட்டும் தந்தது. பெரிய மந்திரமல்ல. ஒரு பிரசவத்துக்கு எத்தனை மணி, ஒரு தடுப்பூசிக்கு எத்தனை நிமிடம், பதிவேடு எழுத எவ்வளவு நேரம் என்று பார். ஆண்டிலே இவை எத்தனை நடக்கின்றன என்று கூட்டு. ஒரு நர்சு உண்மையிலே உழைக்கக்கூடிய மணிக்கணக்கால் வகு. வேண்டிய ஆள் எத்தனை என்று விடை வந்துவிடும். இங்கோ, சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அளவுகோல். எங்கே கட்டுவது என்று தெரிய அது போதும். மாதம் பத்துப் பிரசவம் நடக்கும் இடத்துக்கும் அறுபது நடக்கும் இடத்துக்கும் அதே மூன்று பேர் என்றால், அளவுகோல் சரி, அளப்பவர் கண்தான் சரியில்லை!

இரண்டாவது திருத்தம், காலத்தைப் பற்றியது. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. அறுவைசிகிச்சைக் கூடத்தை இரண்டாண்டில் கட்டிவிடலாம். அங்கே மயக்கமருந்து கொடுக்கும் டாக்டரை? எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, மேற்படிப்பு மூன்றாண்டு, ஆக எட்டரை ஆண்டு. செங்கல்லுக்கு முன்பே அவரை விதைத்திருக்க வேண்டும். ஓய்வுபெறும் நாள் ஒவ்வொருவரின் பணிப்பதிவேட்டிலும் எழுதியிருக்கிறது. எந்த நாற்காலி எந்தத் தேதியில் காலியாகும் என்பது தெரிந்திருந்தும், காலியான பிறகு கோப்பைத் தூசு தட்டுவானேன்? 2012இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தனியாகவே அமைக்கப்பட்டது. அடுத்த ஐந்தாண்டின் காலியிடப் பட்டியலை ஆண்டுதோறும் அதன் கையிலே கொடுங்கள். அறிவிப்பும் தேர்வும் முன்னதாகவே முடியட்டும்.

மூன்றாவது, வந்தவரை நிறுத்துவது. கிராமத்தில் உழைத்த அரசு டாக்டருக்கு மேற்படிப்பில் தனி இடம் என்பது தமிழ்நாடு கண்ட வழி. அதற்கு இடையூறு வந்து, வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அத்தகைய ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. குக்கிராமத்துக்குப் போனால் படிப்பு கெடும் என்ற அச்சத்தை, குக்கிராமத்துக்குப் போனால் படிப்பு வரும் என்ற நம்பிக்கையாக மாற்றிய ஏற்பாடு அது.

டாக்டருக்கு இந்த வழி. நர்சுக்கு எந்த வழி? 2015இல் தேர்வெழுதி வந்தவர்களை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வைத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையிலே திரண்டு நியாயம் கேட்டார்கள். 2020இல் கொரோனாவின் வாயருகே ஒப்பந்தத்தில் நிறுத்தப்பட்ட நர்சுகளுக்கு, 2022 டிசம்பரோடு ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லப்பட்டது. ஆபத்திலே அன்னை, ஆபத்து நீங்கினால் அந்நியரா? நிலையான பணிக்கு நிலையற்ற ஆளை வைப்பது சிக்கனமாகாது. பழகிய கையை இழந்து, புதுக் கையைப் பழக்கும் செலவு அது.

இவையெல்லாம் இன்று முளைத்த ஞானமல்ல. 1946இல் போர் குழு எண்ணிப் பார்த்தபோது, 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்சு என்ற நிலை. அக்குழுவில் இருந்தவர் நம் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார். பின்னர் அவர் தலைமையில் அமைந்த குழு 1961இல் சொன்னது என்ன? புதிய நிலையங்களைத் திறப்பதற்கு முன், இருக்கிற நிலையங்களை வலுப்படுத்துங்கள் என்றது! சொன்னவர் மறைந்தார், சொல் இன்னும் காத்திருக்கிறது.

செல்வச் சீமையான இங்கிலாந்தும் இதிலே சறுக்கியதுண்டு. 1948இல் அனைவருக்கும் மருத்துவம் தந்த நாடு, அதற்கான ஆட்பலத்துக்கு முழுமையான நீண்டகாலத் திட்டம் வெளியிட்டது 2023இல்தான். எழுபத்தைந்து ஆண்டு! ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்கள் காலியான பிறகு கண் விழித்தார்கள். அவர்கள் விழுந்த பள்ளத்திலே நாமும் விழுந்துதான் பார்க்கவேண்டுமா?

தோழர்களே, உங்களுக்கும் இதிலே வேலை உண்டு. உங்கள் ஊர் நிலையத்தில் அனுமதித்த இடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, காலி எத்தனை, எத்தனை நாளாகக் காலி? 2005இன் தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது, எழுதிக் கேளுங்கள். ஒருமணி நேரம் காக்கவைத்தாள் என்று நர்சிடம் சீறாதீர்கள். அவள் பார்ப்பது அன்றைய இரண்டாவது ஷிப்டாக இருக்கலாம். அவளுக்குத் துணையாக வரவேண்டிய நான்காவது நர்சு எங்கே என்று, பதில் சொல்லவேண்டிய இடத்திலே கேளுங்கள். எண்களோடு கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள்!